கனமே இல்லை, ஏத்து

அந்த வீட்டில் என் வேலை பயப்படுவது. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டுப் பிள்ளை தன் பயத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். என் பெயர் சோணைமுத்து. மதுரையில் ஒரு காய்கறி மார்க்கெட்டில் நாற்பத்தோரு வருஷம் மூட்டை தூக்கினேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. லாரியிலிருந்து மூட்டை இறக்க இரும்புக் கைகள் வந்த பிறகு எங்கள் ஆட்கள் முப்பது பேருக்கும் வேலை போனது. இரண்டு வருஷம் சும்மா கிடந்தேன். அப்புறம்தான் 'தோள்' என்று ஒரு கம்பெனி வயசானவர்களையும் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் ஜெகதீஷ் உட்கார்ந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை.

"முன்ன என்ன சோலி பாத்தீங்க பெரியவரே?"

"சுமை தூக்குனேன்."

"இதுவும் சுமைதான். எடை மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

"எடை தெரியாத மூட்டைய நான் தோள்ல வாங்குனதே இல்ல."

"அதான் சம்பளம் கூட."

ரெண்டு பட்டைகளைக் காட்டினார். கைக்கடிகார வார் அளவுதான் இருக்கும். ஒன்றைப் பயப்படுகிறவர் காதுக்குப் பின்னால் ஒட்டுவார்கள், இன்னொன்றை என் காதுக்குப் பின்னால். அந்தத் தலையில் பயம் ஏறினால் இது இழுத்து இந்தத் தலைக்குள் விட்டுவிடும். எதை நினைத்துப் பயந்தார் என்பது வராது. பயம் மட்டும் வரும். நெஞ்சடிப்பு, வயிற்றுப் பிசைவு, உள்ளங்கை வேர்வை.

"வாங்கிக்கிட்ட பயம் எங்க போகும்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரத்துல தானா கரைஞ்சிரும். ஒங்களுக்கு அது சொந்தப் பயமில்லையே."

நான் நம்பவில்லை. சட்டை கலையாதவன் சொல்வதை நான் பொதுவாக நம்புவதில்லை. ஆனாலும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன்.

வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் எங்கள் மாதிரி ஆட்கள். ஒருத்தர் பரீட்சை எழுதப் போகும் பையனுக்குச் சுமக்கிறார், ஒருத்தர் ஆபரேஷனுக்குப் போகும் சேட்டுக்கு. பாப்பாத்தி என்று ஒரு பெண், நகைக்கடை முதலாளி ஒருவருக்கு ஒரு வருஷமாகச் சுமக்கிறாள். அவள் என்னிடம் சொன்னாள்: "போன வாரம் எம் மகளுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு அண்ணே. எனக்குப் பயமே வரல. உள்ள எடமில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

எனக்குக் கிடைத்த வீடு கே.கே.நகரில். அம்மா உமையாள், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். தகப்பனுக்குக் கப்பலில் வேலை. ஒரே பிள்ளை பிரணவி. பதினாலு வயசு.

நான் போனபோது பிரணவி அடுப்படியில் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவினாள். நான் பதினொரு தடவை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். விரலெல்லாம் ஊறி வெளுத்துத் தோல் வெடித்திருந்தது.

"யாருக்கு அந்த டம்ளர்?" என்றேன்.

"உங்களுக்குத்தான் தாத்தா. தண்ணி குடுக்கணும்ல."

"போதும், குடு."

"உள்ள சோப்பு ஒட்டியிருந்தா? நீங்க குடிச்சு உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நான் சாக்கடைத் தண்ணி குடிச்சு வளந்தவன்."

அவள் சிரிக்கவில்லை. இன்னும் நாலு தடவை கழுவினாள்.

அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டம்ளர் ஒரு பக்கம், கேஸை மூடினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு பக்கம். பெரிசு ரோடுதான். நடந்து போகும்போது செருப்பு ஒரு கல்லைத் தட்டிவிட்டால் பிரணவிக்கு அதற்கு மேல் போக முடியாது. அந்தக் கல் நகர்ந்து, அதில் ஒரு டூவீலர் வழுக்கி, ஆள் விழுந்து செத்தால் அது தன்னால்தானே? திரும்பிப் போய்க் கல்லை எடுத்து ஓரத்தில் போடுவாள். போட்ட இடம் சரியா என்று பார்க்கத் திரும்புவாள். அதற்குள் வேறொரு கல். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. பிறகு போகவே முடியவில்லை. நாலு மாசமாகக் கேட்டுக்கு வெளியே கால் வைக்கவில்லை.

"நானும் அவகூட ரோட்ல குனிஞ்சு கல்லு பொறுக்குனேங்க," என்றார். "பக்கத்து வீட்டுக்காரங்க, கார்ப்பரேஷன்ல ரோடு கூட்ட ஆள் போட்டுட்டாங்களான்னு கேட்டாங்க. ஒரு நாள் அடிச்சேன். ஒரு நாள் கால்ல விழுந்தேன். எதுவும் ஆகல."

"புடிவாதம்மா. ரெண்டு நாள் பட்டினி போட்டா சரியாப் போகும்," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பட்டைய ஒட்டிக்கிட்டு அப்பறம் சொல்லுங்க ஐயா."

ஒட்டினேன். அன்றைக்கு மத்தியானம் பிரணவி கேஸ் குமிழைத் திருகிவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். நாலு அடி வந்திருப்பாள். எனக்கு வந்தது பாருங்கள்.

லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டிருப்போம். எண்பது கிலோவோடு அதில் போகும்போது நடுவில் பலகை ஒரு இழை நழுவும். அந்த ஒரு நொடியில் வயிறு மேலே ஏறித் தொண்டையில் நிற்கும். அடுத்த நொடியில் கால் ஊன்றிவிடும், சரியாகிவிடும். இங்கே அடுத்த நொடி வரவில்லை. பலகை நழுவிக்கொண்டே இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிடிவாதம் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன். இந்தக் குட்டி உடம்பு இதை வைத்துக்கொண்டு டம்ளர் கழுவியதே பெரிய விஷயம்.

அவளுக்கு லேசாகிவிட்டது. கண் அகலப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"தாத்தா, கனமா இருக்கா?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தோளில் மூட்டையை ஏற்றிவிடுகிறவன் கேட்பான், கனமா இருக்கா என்று. எவனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த மூட்டை பக்கத்தில் நிற்கிறவனுக்குப் போய்விடும். முதுகெலும்பு நெளிந்தாலும், "கனமே இல்ல, ஏத்து" என்போம். வாய் தானாக அதைச் சொல்லும்.

"கனமே இல்ல தாயி," என்றேன்.

அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்குத் தெரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாள். "தாத்தா, நிஜமாவே கனமில்லையா?" இல்லை என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்ததும் கேட்டாள். பாத்ரூம் போய் வந்ததும் கேட்டாள். மூன்றாம் நாள் எழுபது தடவை. நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதா, உங்களுக்கு பிரஷர் இருக்கா, நீங்க செத்துட்டா உங்க வீட்ல யார் பாப்பாங்க. நான் இல்லை, இல்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் அடங்கும். அடங்கினதைவிடப் பெரிசாகத் திரும்பி வரும். அது முழுக்க எனக்கு வரும்.

யோசித்துப் பாருங்கள். தன்னால் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பிள்ளையின் பயமே. அதைப் போக்குவதற்கு, அவள் பயத்தைச் சுமந்து வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கிற ஒரு கிழவனைக் கூலிக்குப் பிடித்து எதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் படித்தவர்கள் ஆறு பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்குக்கூட இது உறைக்கவில்லை.

உறைத்தது பிரணவியைப் பார்க்கிற மனநல டாக்டர் நூர்ஜஹானுக்கு மட்டும். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். முதல் வாரமே என்னைக் கூடத்தில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பதில் சொல்றீங்களா ஐயா?"

"கேக்குது, சொல்றேன். கேக்குற பிள்ளைக்குச் சொல்லாம எப்படி இருக்குறது?"

"சொல்லாதீங்க."

"ஏன்?"

"இது சந்தேகம் இல்ல. சந்தேகம்னா ஒரு பதில்ல தீந்துரும். இது பதில தின்னு வளருது. நீங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றீங்கள்ல, அதுவும் டம்ளர் கழுவுறதும் ஒண்ணுதான். அவ கையால கழுவுறா, உங்க வாயால கழுவுறா."

"அப்ப என்ன சொல்ல?"

"'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது'ன்னு சொல்லுங்க. அதட்ட வேணாம், கேலி பண்ண வேணாம். பக்கத்துலயே இருங்க. பயம் ஏறும், ஏறி நிக்கும், அப்பறம் தானா எறங்கும். எறங்குறத அவ ஒரு தடவையாச்சும் பாக்கணும். நடுவுல நீங்க வாங்கிக்கிட்டா அவ ஏறுறத மட்டுந்தான் பாப்பா, ஆயுசுக்கும்."

"அப்ப இந்தப் பட்டை?"

"எனக்கு இஷ்டமே இல்ல. வாங்கிட்டாங்க. வாரா வாரம் கொறைச்சுக்கிட்டே வந்து கழட்டிரணும்."

பட்டையில் ஒரு திருகு உண்டு. கால், அரை, முக்கால், முழுசு. டாக்டர் முக்காலுக்குத் திருகிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் ஜெகதீஷிடமிருந்து போன் வந்தது.

"அந்த வீட்டுச் செவத்துல பாப்பா பயத்தக் காட்டுற மீட்டர் சிவப்புல நிக்குதுன்னு இங்க தெரியுது பெரியவரே. என்ன பண்றீங்க?"

"டாக்டர் கொறைச்சாங்க."

"டாக்டர் வாரத்துல ஒரு மணி நேரம் வர்றவங்க. மீட்டர் பச்சையில இருக்கணும். அதுக்குத்தான் காசு. பாப்பா கேட்டா நல்லா ஆறுதலாச் சொல்லுங்க. முழுசுக்கு வெச்சிருங்க."

வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, அதற்குப் பட்டை தேவையில்லை. டாக்டர் ஒன்று சொல்கிறார், கம்பெனி ஒன்று சொல்கிறது, அம்மாவோ ஜூன் மாசத்தைச் சொல்கிறார். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு பிரணவி தன் காலால் நடந்து உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பெங்களூரில் ஒரு தங்கும் மையம் இருக்கிறதாம், அங்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு மூன்று ஆள், மாற்றி மாற்றி, இருபத்திநாலு மணி நேரமும் சுமப்பார்கள். போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று டாக்டரைக் கேட்டேன். "பாக்கப் போன பெத்தவங்கதான் திரும்பி வந்தாங்க," என்றார்.

பிரணவிக்கும் அது தெரியும்.

"அங்க போனா மூணு பேரு தாத்தா," என்றாள் ஒரு நாள். "மூணு பேருக்கும் தனித்தனியா கேக்கணும்."

"அப்ப இங்கனயே இருந்து ஒருத்தன மட்டும் உயிரெடு."

அன்றைக்குச் சிரித்தாள். "உங்க மூஞ்சி பயந்த மாதிரியே இல்ல தாத்தா. யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு."

"எனக்கு எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான்."

"கல்யாண போட்டோவுலயுமா?"

"அதுல இன்னும் மோசம்."

நல்ல பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளை. அந்த நல்லதெல்லாம் ரெண்டு கேள்விகளுக்கு நடுவில் அஞ்சு நிமிஷம் எட்டிப் பார்க்கும். பிறகு கண் சுருங்கிவிடும். "தாத்தா, கனமா இருக்கா?"

மே மாசம் இருபது தாண்டி ஒரு நாள். வெயில் கொளுத்தியது. காலையிலிருந்து தொண்ணூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பாள். எனக்கு வாந்தி வந்தது, தலை சுற்றியது. நாலு நாளாகத் தூக்கமில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி வந்து நின்றாள்.

"தாத்தா, கனமா—"

"ஆமா," என்றேன். "கனந்தான். நாப்பத்தோரு வருசத்துல இந்த மாதிரி ஒரு மூட்டைய நான் தூக்குனதில்ல. ஒடம்பு நொறுங்குது. போதுமா?"

டாக்டர் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது இல்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் வந்துவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அந்தப் பயம் பலகை நழுவின மாதிரி வந்து இறங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும்?"

"பொய். எங்க சோலியில எல்லாரும் சொல்ற பொய்."

அவள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் என்னோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆனால் கேட்கவும் இல்லை. கனமா இருக்கா என்ற கேள்வி அதோடு நின்றுபோனது.

அதன்பிறகு நடந்தது எனக்கே அதிசயமாக இருந்தது. டம்ளரை மூன்று தடவை கழுவி வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு, மேடை விளிம்பை இறுக்கப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். நாலாம் நாள் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்: முதலில் கேட், அடுத்து கரண்ட் கம்பம், அடுத்து முனை வீடு. குனிந்து கல் எடுக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கம்பம் வரை போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. நான் பின்னால் நின்றேன். எனக்கு நெஞ்சு இடித்த இடி இருக்கிறதே, அதுவரை வந்ததிலேயே அதுதான் பெரிசு. உள்ளங்கையிலிருந்து வேர்வை சொட்டியது.

சுமக்கிறோம்டா சோணைமுத்து, என்று நினைத்துக்கொண்டேன். நாம் முழுசாக வாங்குவதால்தான் பிள்ளை நடக்கிறது. பெருமையாகக்கூட இருந்தது. மீட்டர் பச்சையில், அதுவும் அடிப் பச்சையில், ஆடாமல் அசையாமல் நின்றது. ஜெகதீஷ் போன் பண்ணி, "கம்பெனியில ஒங்க பேருதான் பேச்சு," என்றார். யார் சொன்னாலும் லேசில் நம்பாதவன் நான். அதை நம்பினேன்.

மாசக் கடைசியில் ஜெகதீஷ் வீட்டுக்கு வந்தார். மாசம் ஒரு தரம் பட்டைக்குள் பதிவானதைப் பார்ப்பார்கள். கையில் இருந்த கருவித் திரையில் கோடுகளைப் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. பிரணவியைக் கூப்பிட்டு, காதுக்குப் பின்னால் இருந்த பட்டையை எடுத்தார். அடியில் பளபளவென்று ஒரு துண்டு செல்லோ டேப்.

"யாரு ஒட்டுனா?"

"நான்தான்," என்றாள்.

"எப்ப?"

"தாத்தா கனம்னு சொன்ன அன்னிக்கு."

ஜெகதீஷ் அம்மா பக்கம் திரும்பினார். "மேடம், ஒம்பது நாளா ஒரு பொட்டுக்கூட இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகல. மீட்டர் பச்சையில இருந்தது பாப்பா அமைதியா இருந்ததால இல்ல. படிக்க ஒண்ணுமே கிடைக்காததால." பிறகு என் பட்டையின் பதிவைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார்.

"ஒங்க பக்கம் துடிப்பு எகிறிக் கெடக்கு பெரியவரே. அங்கேர்ந்து எதுவும் வரல. அப்ப இந்த ஒம்பது நாளும் நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

கம்பத்தடியில் அவள் நின்றபோது என் நெஞ்சு இடித்தது. அது என்னுடையது. வேர்வையும் என்னுடையது. சம்பளம் வாங்காத பயம்.

உமையாள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"தாத்தாவுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயமா இருந்துச்சு. அந்தப் பயமும் தாத்தாவுக்குத்தான் போகும். அதுக்கு என்ன பண்றது? எங்கிட்டயே வெச்சுக்கிட்டேன்."

"ஒம்பது நாளா? தனியாவா?"

"மொத ரெண்டு நாளு செத்துருவேன்னு நெனச்சேன்." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். விரல் வெடிப்பு ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. "அப்பறம் அது கொஞ்சம் எறங்குச்சு. நான் எதுவும் பண்ணல. அதுவா எறங்குச்சு."

ஜெகதீஷ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார். "தொடச்சிட்டு மறுபடி ஒட்டிரலாம் மேடம். பூட்டு வெச்ச மாடல் இருக்கு, கழட்ட முடியாது. முழுசுக்கு வெச்சிட்டா—"

"ஒட்டாதீங்க," என்றாள் பிரணவி.

அம்மா டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். "டேப் ஒட்டுனது சீக்கா டாக்டர், இல்ல தைரியமா?"

டாக்டர் குரல் மேசையிலிருந்து வந்தது. "பெரியவருக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு ஒட்டுனது சீக்கு. ஒட்டிட்டு ஒம்பது நாள் நின்னது அவ."

"இனிமே வராதா?"

"வரும். நாளைக்கே வரும். டம்ளர் அஞ்சு தடவைன்னு ஏறும். நீங்க எண்ணாதீங்க. எண்ணாம பக்கத்துல உக்காருங்க."

அம்மா போனை வைத்தார். பெங்களூர் மையத்துக்குப் பணம் கட்டச் சொன்ன காகிதம் மேசையிலேயே கிடந்தது. பிறகு ஜெகதீஷிடம், "ரெண்டு பட்டையையும் எடுத்துட்டுப் போங்க," என்றார். "பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் பாப்போம். அன்னிக்கு அவ போகலேன்னா அந்தக் காகிதத்துல கையெழுத்து போட்டுருவேன் பிரணவி. எனக்கும் ஒடம்புல ஒண்ணும் மிச்சமில்ல."

என் காதுக்குப் பின்னால் இருந்ததை ஜெகதீஷ் உரித்தபோது மயிரோடு வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது சொன்னார்: "மீட்டர்ல ஏமாத்துன வீட்டுக்கு நீங்க ஒடந்தைன்னு எழுதிருவாங்க பெரியவரே. வேற வீடு கெடைக்காது." கிடைக்க வேண்டாம் என்றேன்.

மறுநாள் வேலையில்லாமலே அங்கே போனேன். அதற்கு மறுநாளும். உமையாள் அம்மா காப்பி கொடுத்தார். டம்ளர் ஒரு நாள் ரெண்டு தடவை கழுவப்பட்டது, ஒரு நாள் பத்துத் தடவை. கம்பம் வரை போனவள் ஒரு நாள் கேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் முன்னால் போகிற வண்டி மறுநாள் ஏன் பின்னால் வர வேண்டும்? திட்ட வாய் எடுத்தேன், அடக்கிக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன், அதையும் அடக்கிக்கொண்டேன். ரெண்டாவதுதான் கஷ்டம்.

பள்ளிக்கூடம் திறக்க முந்தின நாள் பிரணவி என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நீங்க வரக் கூடாது தாத்தா."

"ஏன்?"

"நீங்க நின்னா நான் உங்க மூஞ்சியப் பாப்பேன். நீங்க சும்மா நின்னாலே ஒண்ணும் ஆகலேன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அது கேட்ட மாதிரிதான். அம்மாவையும் கேட்டோட நிக்கச் சொல்லிட்டேன்."

"சரி, வரல."

வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. எட்டேகாலுக்கே அந்தத் தெரு முனையில், நிறுத்தி வைத்திருந்த ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். லாரி இடுக்கில் தெரு முழுசாகத் தெரிந்தது.

எட்டரைக்கு வெளியே வந்தாள். யூனிபார்ம் தொளதொளவென்று இருந்தது. ஐந்தாறு மாசத்தில் இளைத்துவிட்டாள். உமையாள் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிரணவி கம்பத்தைத் தாண்டினாள். முனை வீட்டைத் தாண்டினாள். அந்த இடத்தில் யாரோ வீடு கட்ட ஜல்லி கொட்டி, பாதி ரோட்டில் சிதறிக் கிடந்தது. செருப்பு பட்டு ஒரு கல் உருண்டது. எனக்கே சத்தம் கேட்டது. உருண்டு ரோட்டு நடுவில் போய் நின்றது.

அவளும் நின்றாள்.

பின்னால் ஒரு டூவீலர் வந்தது, கல்லைத் தாண்டிப் போனது. இன்னொன்று வந்தது. அவள் பாதி திரும்பினாள். ஒரு கால் பள்ளிக்கூடத்துப் பக்கம், ஒரு கால் கல்லின் பக்கம். பை வாரை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு தலையைத் தூக்கித் தெருவில் தேட ஆரம்பித்தாள். மாடியைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள், லாரிப் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள். வர வேண்டாம் என்று சொன்னாலும் வந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு எட்டு வெளியே வந்தால் போதும். கையைக்கூடத் தூக்க வேண்டாம். என்னைப் பார்த்ததும் மூச்சை விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். பெங்களூர் போகும் காகிதத்தை அம்மா கிழித்துப் போட்டுவிடுவார். நாளைக்கும் அந்த முனையில் நான் நிற்க வேண்டியிருக்கும், நாளன்றைக்கும். நான் செத்த பிறகு யாராவது நிற்க வேண்டியிருக்கும்.

என் காலும் ரெண்டு பக்கமாகத்தான் நின்றது. நெஞ்சு இடித்தது. காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

லாரி மறைவிலேயே சந்துக்குள் திரும்பி நடந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். செருப்புச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப் வரை கழுத்தைத் திருப்பவில்லை.

பஸ் அந்தத் தெரு முனை வழியாகத்தான் போகும். ஏறினேன். வலது பக்க ஜன்னலில் இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். நான் இடது பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.